அட்டை மட்டும் போதும்

போன ஞாயிற்றுக்கிழமை சிதம்பரத்திலிருந்து கடலூர் வரும் பஸ்ஸில், மடியில் ஒரு ஜவுளிக்கடைப் பையை வைத்துக்கொண்டு உர்ரென்று உட்கார்ந்திருந்த ஆளை உங்களில் யாராவது பார்த்திருக்கலாம். அது நான்தான்.

பைக்குள் ஒரு புத்தக அட்டை. கறுப்புத் தோல், முதுகில் தங்க எழுத்து, ஓரத்தில் பித்தளைக் கொக்கி. ரொம்ப நாளாகத் தேடிக்கொண்டிருந்தது. கிடைத்துவிட்டது. அப்புறம் எதற்கு அந்த உர்ர்? சொல்கிறேன்.

பத்திரிகையில் வாரா வாரம் நான் எழுதும் இந்தப் பக்கத்துக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. எனக்கு ஒரு கிறுக்கு உண்டு. கத்தோலிக்கக் கோயில்களில் பாடகர் குழு பாடிய பழைய லத்தீன் பாட்டுப் புத்தகங்களை, அவற்றின் பைண்டிங்குக்காகச் சேர்க்கிறேன். பூசை தமிழுக்கு மாறிய பிறகு அந்தப் புத்தகங்களுக்கு வேலை இல்லாமல் போய்விட்டது. புதுச்சேரி, கடலூர் பக்கத்துக் கோயில் அலமாரிகளில் இன்னும் ஒன்றிரண்டு தூங்குகின்றன. கெட்டித் தோல், நூலால் தைத்த முதுகு, தாள் ஓரத்தில் தங்கப் பூச்சு... கையில் எடுத்தால் கீழே வைக்க மனசு வராது.

என் மனைவிக்கு இதில் தீராத சந்தேகம். "லத்தீன் தெரியாது. பாடவும் தெரியாது. கும்புடுறது பாடலீஸ்வரர. ஒங்களுக்கு எதுக்குங்க இது?"

"அட்டைக்காக" என்பேன். வெளியிலும் அதே பதில்தான். ஒருமுறை பஸ்ஸில் பக்கத்து சீட்டு குமராட்சிக்காரர், நான் என்ன சேர்க்கிறேன் என்று கேட்டார். "பழைய அட்டைங்க" என்றேன். மனுஷர் லேசாகத் தள்ளி உட்கார்ந்தார். "நடவு நேரத்துல எங்க வயலுக்கு வாங்க சார். கால வெச்சா போதும், ஜாஸ்தியாவே ஒட்டிக்கும்" என்றார். அவர் நினைத்தது ரத்தம் குடிக்கிற அட்டையை!

ஆனால் இந்தப் பதிலில் ஒரு சௌகரியம் இருக்கிறது. "உள்ள இருக்கிறது எனக்கு வேணாங்க, அட்டை மட்டும் போதும்" என்று சொன்னால் எதிராளிக்குப் பயம் போய்விடும். சாமி பாட்டை எவனோ ஒருவன் கொண்டுபோகிறானே என்ற உறுத்தல் இருக்காது. "அட்டை இல்லாம தாள மட்டும் வெச்சு நாங்க என்ன பண்ணப் போறோம்?" என்று முழுப் புத்தகத்தையும் தூக்கிக் கொடுத்துவிடுவார்கள். இதுவரை எல்லோரும் அப்படித்தான் கொடுத்தார்கள்.

ஈஸ்டருக்கு முந்தைய தபசு காலம் ஆரம்பித்த வாரம், சிதம்பரத்தில் இருக்கும் என் மச்சான் இளங்கோ போன் செய்தான்.

"மாமா, எங்க ஆபீஸ்ல செலின் மேரின்னு ஒரு மேடம். மாதா கோயில்ல பாடுற குரூப்ப அவுங்கதான் பாத்துக்கறாங்க. நீங்க சொல்ற மாதிரி ஒரு புக்கு அவுங்ககிட்ட இருக்கு. கொக்கியெல்லாம் போட்டு பொட்டி மாதிரி இருக்கு மாமா!"

கொக்கி! என்னிடம் இருப்பவற்றில் ஒன்றில்கூடக் கொக்கி முழுசாக இல்லை. வாட்ஸ்அப்பில் போட்டோ வந்தது. சாப்பாடு இறங்கவில்லை.

உடனே செலின் மேரிக்குப் போன் போட்டேன். அவர் தயங்கினார். "எங்கப்பா வெச்சு பாடுன புக்கு சார். பெரிய வெள்ளிக்கிழமைக்கு அதுல இருந்து ஒரு பாட்டு இன்னும் பாடிட்டு இருக்கோம். அதக் குடுத்துட்டா எங்களுக்கு வேற கதி இல்ல..."

நான் வழக்கமான மந்திரத்தை எடுத்துவிட்டேன். "உள்ள இருக்கிறது எனக்கு வேணாம்மா. அட்டை மட்டும் போதும்."

"அவ்ளோதானா சார்? நான் பயந்தே போய்ட்டேன். ஞாயித்துக்கிழமை வாங்க, தாராளமா எடுத்துக்கலாம்."

எனக்குத் தலைகால் புரியவில்லை. சிதம்பரத்தில் இறங்கி ஆட்டோவில் ஏறி, "கோயிலுக்குப் போங்க" என்றேன். ஆட்டோக்காரர் நேரே நடராஜர் கோயில் கீழ வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார். அந்த ஊரில் கோயில் என்றால் வேறு என்ன அர்த்தம்? எனக்குத் தெரியாததா? ஆர்வக்கோளாறு. "மாதா கோயிலுங்க" என்று அசடு வழிந்தேன். "அத ஏறும்போதே சொல்றதில்லையா சார்" என்று வண்டியைத் திருப்பினார்.

செலின் மேரி கோயில் வாசலிலேயே காத்திருந்தார். ஐம்பதை ஒட்டிய வயது, முகமெல்லாம் சிரிப்பு, கையில் ஜவுளிக்கடைப் பை.

"இந்தாங்க சார். ஒரு கீறல் விழாம கழட்டிக் குடுத்துட்டாரு பைண்டிங்காரரு."

கழட்டி... எதை?

பைக்குள் கையை விட்டேன். கொக்கி தட்டுப்பட்டது. வெளியே எடுத்தேன். கனமே இல்லை. திறந்தால் காலி! பண்ருட்டிப் பக்கம் சுளையை எடுத்துவிட்டு எறிந்த பலாத்தோல்தான் ஞாபகம் வந்தது.

"புக்கு?" என்றேன்.

"உள்ள இருக்கு சார். புது பைண்டிங் போட்டாச்சு!"

கொண்டுவந்து காட்டினார். சிவப்பு ரெக்சின். மேலே பளபளவென்று ஒரு சிலுவை. உண்மையைச் சொல்கிறேனே, எனக்கு வயிறு எரிந்தது. அட்டை, தையல், முதுகு எல்லாம் சேர்ந்தால்தான் பைண்டிங். தாளைவிட்டுப் பிரித்த பிறகு என்னைப் போன்றவனுக்கு அந்த அட்டை வெறும் தோல். முழுப் புத்தகம் வேண்டும் என்று நேராகக் கேட்டிருக்கலாமே என்பீர்கள். கேட்டிருந்தால் கொடுத்திருப்பாரா? அதற்குத்தானே அந்த மந்திரமே!

"என்னம்மா இப்படிப் பண்ணிட்டீங்க?" வாய்விட்டே கேட்டுவிட்டேன்.

அவர் முகம் சுருங்கிவிட்டது. "அட்டை மட்டும் போதும்னு நீங்கதானே சார் சொன்னீங்க? எங்கனா கிழிஞ்சிருக்கா?"

இல்லை என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்?

"தாளு ஓரத்த மூணு பக்கமும் வெட்டி கட்டிங் போட்டாத்தான் நீட்டா இருக்கும்னு பைண்டிங்காரரு ஒரே புடியா நின்னாரு சார். நான் விடல. பக்கத்துலயே ஒக்காந்துட்டேன். கட்டிங் போட்டா எங்கப்பா எழுத்து போயிடும்ல?"

புத்தகத்தைப் பிரித்துக் காட்டினார். அச்சடித்த லத்தீன் வரிகளை ஒட்டி, தாளின் விளிம்பு வரைக்கும் பென்சிலில் தமிழ். லத்தீன் வார்த்தைகளை அப்படியே தமிழ் எழுத்தில் எழுதிவைத்திருக்கிறார் மனுஷர். நடுநடுவே சின்னச் சின்னக் கட்டளைகள். 'இங்கே மூச்சு.' 'இழுக்காதே.' 'பெண்கள் மட்டும்.' குழுவில் லத்தீன் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. இந்தப் பென்சில் எழுத்தைப் பார்த்துத்தான் இன்றைக்கும் பாடுகிறார்கள்.

"பிராக்டிஸ் இருக்கு, கேட்டுட்டுப் போங்க சார்" என்றார். கோபத்தோடுதான் உட்கார்ந்தேன். பாடுகிறவர்கள் சிவப்பு ரெக்சினைச் சுற்றி நின்றார்கள். "பழைய அட்டை ரொம்ப டைட்டு. விரிச்சா மூடிக்கும், ஒரு ஆளு புடிச்சுக்கிட்டே நிக்கணும். இப்ப பாருங்க, விரிச்சது விரிச்சபடி கெடக்குது!" என்றார் செலின் மேரி. சந்தோஷம் அவருக்கு.

பாடினார்கள். தாழ்ந்த குரலில், அவசரமே இல்லாமல். எனக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. ஆனால் 'இங்கே மூச்சு' என்று எழுதியிருந்த இடம் வந்தபோது, அத்தனை பேரும் சேர்ந்தாற்போல் நிறுத்தி மூச்சு இழுத்தார்கள். அது மட்டும் நன்றாகப் புரிந்தது. என் கோபம் அந்த இடத்தில் கொஞ்சம் தணிந்தது. முழுசாக அல்ல... பஸ்ஸில் என்னைப் பார்த்தவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

கடலூரில் இறங்கி செம்மண்டலத்து வீட்டுக்கு வந்து சேர்ந்து, அட்டையை அலமாரியில் நிறுத்தினேன். சாய்ந்தது. மறுபடி நிறுத்தினேன். மறுபடி மடங்கி விழுந்தது.

மனைவி பார்த்துக்கொண்டே இருந்தாள். "உள்ள ஒண்ணும் இல்லாம எப்டி நிக்கும்? வாரா வாரம் எழுதுறீங்களே, அதையெல்லாம் வெட்டி வெட்டிக் கட்டா சேத்து வெச்சிருக்கீங்கல்ல... அதத் திணிங்க."

திணித்தேன். அளவெடுத்தது மாதிரிப் பொருந்தியது. கொக்கிகூட மாட்டிக்கொண்டது.

நிற்கத்தான் நிற்கிறது. ஆனால் அதைப் பார்த்து யார் பாடப் போகிறார்கள், சொல்லுங்கள்?