சட்டத்தில் மச்சான் இல்லை

தஞ்சாவூருக்கு வெளியே ஒரு பல்கலைக்கழகத்தில் நான் சட்டம் படித்தேன். நான்காம் ஆண்டில் நிறுவன ஆளுகை என்றொரு பாடம் வந்தது. ஒரு கம்பெனியை நடத்துகிறவர்கள் யார், அவர்களை யார் கேள்வி கேட்பது, அவர்கள் தங்களுக்குச் சாதகமாக முடிவெடுத்துக்கொண்டால் என்ன செய்வது என்பதெல்லாம் அதில் அடக்கம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வரும் வகுப்பு என்பதால் பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள். எனக்குத் தூக்கம் வந்ததில்லை. கை கால் இல்லாத ஒன்றைச் சட்டம் ஓர் ஆள் மாதிரியே நடத்துகிறது. அது நிலம் வாங்கலாம், வழக்குப் போடலாம். ஆனால் அதற்குப் பதிலாக யோசிக்க நாலைந்து மனிதர்கள் ஒரு மேசையைச் சுற்றி உட்கார வேண்டியிருக்கிறது. அந்த மேசையில் உண்மையில் என்னதான் பேசிக்கொள்வார்கள்? அதைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஒரே ஆசை.

பாடம் எடுத்தவர் சென்னையில் பெரிய கம்பெனி ஒன்றில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். ஒருநாள் 'உறவினர்' என்ற சொல்லுக்குச் சட்டம் தரும் பட்டியலைப் படித்துக் காட்டினார். கணவன், மனைவி, அப்பா, அம்மா, மகன், மருமகள், மகள், மருமகன், உடன்பிறந்தவர்கள். இன்னும் ஏதோ வரப்போகிறது என்று காத்திருந்தேன். வரவில்லை.

"மேடம், மச்சான் இல்லையே?" என்றேன்.

தூங்கிக்கொண்டிருந்தவர்கள்கூடச் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. பக்கத்தை மறுபடி ஒருமுறை பார்த்துவிட்டு, "ஆமா, இல்லை. தாய்மாமன் இல்லை, சம்பந்தி இல்லை. இத எழுதினவங்க நம்ம ஊர் கல்யாணத்துக்கு வந்ததில்ல போல" என்றார். பிறகு அடுத்த பிரிவுக்குப் போய்விட்டார்.

அந்தப் பருவத்தில் எல்லாரும் ஏதாவது ஒரு கம்பெனிக் கூட்டத்தை நேரில் பார்த்து எழுத வேண்டும் என்றார் அவர். மற்றவர்கள் பெரிய கம்பெனிகளின் கூட்டங்களை இணையத்தில் பார்த்து எழுதத் திட்டம் போட்டார்கள். எனக்கு அந்தச் சிரமம் இல்லை. என் அம்மாவே ஒரு கம்பெனியின் டைரக்டர்.

கேட்பதற்குத்தான் பெரிதாக இருக்கும். குடவாசல் பக்கம் எங்கள் ஊரையும் அக்கம்பக்கத்து ஊர்களையும் சேர்ந்த விவசாயிகள் கூடி, உழவர் உற்பத்தியாளர் கம்பெனி ஒன்று ஆரம்பித்திருந்தார்கள். விதை, உரம், அறுவடை எல்லாவற்றையும் சேர்ந்து செய்வது என்று ஏற்பாடு. இயக்குநர்களில் ஒரு பெண்ணாவது இருக்கட்டும் என்று அம்மாவைப் போட்டார்கள். அப்பா சிங்கப்பூரில் இருப்பதால் எங்கள் நிலத்தை அம்மாதான் பார்த்துக்கொண்டிருந்தார். செய்தியைச் சொன்னபோது அப்பா போனில், "டைரக்டருன்னா கார் குடுப்பாங்களா?" என்று கேட்டார். "குடுத்தா ஒங்களத்தான் டிரைவராப் போடுவேன்" என்றார் அம்மா.

கம்பெனியின் தலைவர் எங்கள் தெருக்காரர். அம்மா அவரை அண்ணன் என்பார், நான் மாமா என்பேன். ரத்த சம்பந்தம் எதுவும் இல்லை; கூப்பிட்டுக் கூப்பிட்டு உறவானவர். நான் கூட்டத்தைப் பார்க்க வரலாமா என்று அம்மா கேட்டதற்கு, "அதுக்கென்ன, வரச் சொல்லு. டீ ஒண்ணு சேத்துச் சொன்னாப் போச்சு" என்றாராம்.

மார்கழி மாதம், ஒரு சனிக்கிழமை. கும்பகோணத்தில் பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தேன். மூடிக்கிடந்த ஒரு ரைஸ்மில்லின் முன் அறையைத்தான் ஆபீஸாக வைத்திருந்தார்கள். ஐந்து இயக்குநர்கள், பிளாஸ்டிக் நாற்காலிகள். நான் சுவரோரமாக உட்கார்ந்தேன்.

பொங்கல் முடிந்ததும் சம்பா அறுவடை தொடங்கிவிடும். எல்லா ஊரிலும் ஒரே நேரத்தில் கதிர் முற்றுவதால் அறுப்பு மெஷினுக்கு அடிதடி நடக்கும். அதனால் இந்த வருஷம் கம்பெனியே ஒரு மெஷினை மொத்தமாகப் பேசி வைத்து, உறுப்பினர்களின் வயல்களை முறை வைத்து அறுத்துக் கொடுப்பது என்று திட்டம். தலைவர் அதை விளக்கிவிட்டு, "நம்ம மச்சான் வண்டியே இருக்கு. புதுசு. முடிச்சிடலாமா?" என்றார்.

மூன்று பேர் தலையாட்டினார்கள். அம்மா மட்டும் ஆட்டவில்லை.

"அண்ணே, ஒண்ணு கேக்கலாமா?"

"கேளும்மா."

"வண்டி நல்ல வண்டிதான். ஆனா டயரு வண்டி. வடிகால் ஓரத்து வயலெல்லாம் சொதசொதன்னு கெடக்கும், எறங்குனா பொதைஞ்சிரும். வேற வண்டி எதையும் நாம விசாரிக்கவே இல்லியே? ஒங்க மச்சான் வண்டிங்கிறதால யாரும் பேச மாட்டேங்குறாங்களோன்னு தோணுது."

உரக்கடை வைத்திருந்த இயக்குநர் தன் செல்போனைக் கூர்ந்து பார்க்க ஆரம்பித்தார். தலைவர் அம்மாவையே பார்த்தார். பிறகு சட்டென்று என் பக்கம் திரும்பினார்.

"சட்டம் படிக்கிற புள்ள, நீ சொல்லும்மா. மச்சான் வண்டியப் பத்தி நான் பேசக் கூடாதுன்னு இருக்கா?"

பார்க்க வந்தவளைப் பேசச் சொன்னால்? அம்மாவுக்குச் சாதகமாக ஏதாவது சொல்ல வாய் துடித்தது. ஆனால் நினைவில் வந்தது அந்தப் பட்டியல்தான்.

"உறவினர்னு சட்டத்துல ஒரு பட்டியல் இருக்குங்க மாமா. அதுல மச்சான் இல்லைங்க."

"இல்லியா?"

"இல்லைங்க. அந்தப் பட்டியல்படி அவரு ஒங்களுக்குச் சொந்தக்காரரு இல்ல."

உரக்கடைக்காரர் போனைக் கீழே வைத்தார். "அப்ப ஒங்க பொண்ணுக்குக் காது குத்துனப்ப மடியில வச்சிருந்தது யாருங்க? ரோட்டுல போனவரா?"

அறையே சிரித்தது. தலைவரும் சத்தமாகச் சிரித்தார். சிரித்துக்கொண்டே வந்தவர் மெல்ல நிறுத்தினார். தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறிப் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"சரி, நான் வெளிய நிக்கிறேன். நீங்க பேசுங்க." வாசல் வரை போனவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "நீயும் வா. ஒன்ன இங்க விட்டா ஒங்கம்மாவுக்கு எடுத்துக் குடுப்ப."

நான் எதைப் பார்க்க வந்தேனோ அது நடக்கப்போகிற நேரத்தில் வெளியே போக வேண்டியதாகிவிட்டது. ரைஸ்மில்லின் தகரக் கொட்டகைக்குக் கீழே இருவரும் நின்றோம். உள்ளே பேச்சுச் சத்தம் கேட்டது, வார்த்தைதான் புரியவில்லை. அவரும் என்னைப் போலவே காதைத் தீட்டிக்கொண்டு நிற்பதைக் கவனித்தேன்.

"நான் இருந்தா பேச மாட்டாங்களா?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

"பேசலாங்க. ஆனா ஒங்க மொகத்தப் பாத்துக்கிட்டே பேசணும்ல?"

அவர் ஒரு பழைய அறுவடையைப் பற்றிச் சொன்னார். வானம் கறுத்துக்கொண்டு நின்ற தை மாதம். எங்கும் மெஷின் கிடைக்கவில்லை. முன்பணம் வாங்கியவர்கள்கூடப் போனை எடுக்கவில்லை. மச்சான்தான் மன்னார்குடி பக்கம் ஒத்துக்கொண்ட வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வண்டியை ஓட்டிக்கொண்டு வந்து இறங்கினாராம்.

"அன்னைக்கி அவன் மட்டுந்தாம்மா வந்தான். அவன் வண்டி இருக்கையில நான் வேற வண்டியப் பேசுனா, அவன் அக்கா மூஞ்சியில நான் எப்புடி முழிப்பேன்?"

புத்தகத்தில் இப்படிப்பட்ட இடங்களில் வருகிறவர்கள் எல்லாரும் பணத்தைச் சுருட்டுகிறவர்களாகவே இருப்பார்கள். நன்றி மறக்காத ஒரு மனிதர் அதே கூண்டில் வந்து நிற்பார் என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. மன்னார்குடியில் பாதி அறுத்த வயல் யாருடையதோ, அவர் அன்று என்ன செய்திருப்பார் என்றும் ஒரு யோசனை ஓடியது. அதை நான் கேட்கவில்லை.

டீ ஆறிப்போன பிறகு எங்களைக் கூப்பிட்டார்கள். மேட்டு வயல்களுக்கு மச்சானுடைய வண்டி. வடிகால் ஓரத்து வயல்களுக்கு வெளியிலிருந்து ஒரு செயின் வண்டி, சேற்றில் புதையாது. எந்த வயல் முன்னே, எது பின்னே என்று முறை வைப்பதைத் தலைவர் செய்ய வேண்டாம், அம்மா செய்யட்டும். தலைவர் கேட்டுக்கொண்டார். "சரிங்க" என்று மட்டும் சொன்னார். வழக்கமாக அம்மாவிடம் "வரட்டுமாம்மா" என்று சொல்லிவிட்டுப் போகிறவர், அன்று சொல்லாமல் பைக்கை எடுத்தார்.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. சட்டப் புத்தகத்தைப் பிரித்தேன். பட்டியலைத் தாண்டி வேறு இடத்தில், இயக்குநரின் கடமைகளைச் சொல்லும் பிரிவில் இன்னொரு வரி இருந்தது. கம்பெனியின் நலனோடு மோதும்படியான நேரடியான அல்லது மறைமுகமான எந்த ஈடுபாடும் இயக்குநருக்கு இருக்கக் கூடாது. மறைமுகமான! அந்த ஒரு சொல்லுக்குள் மச்சானும் வரலாம், காதுகுத்தும் வரலாம், அந்தத் தை மாதமும்கூட வரலாம். நான் பட்டியலைப் பார்த்த அவசரத்தில் பதில் சொல்லிவிட்டேன். தலைவர் எந்தப் பிரிவையும் படிக்காமல் எழுந்து வெளியே போனார். பஸ் வலங்கைமானைத் தாண்டும்வரை அந்த வரியையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன்.

பொங்கல் முடிந்து அறுவடை தொடங்கியது. அம்மா ஒவ்வொரு வயலாகப் போய்க் கதிரைக் கையில் கசக்கிப் பார்த்து முறை வைத்தார். தலைவரின் வயல் பின்னால் நட்டது, பின்னால்தான் முற்றியது. அவர் ஒருநாள் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்று, "என்னோடத நாளைக்கி வச்சுக்கலாமாம்மா?" என்று கேட்டார்.

"இன்னும் பச்சையா இருக்குண்ணே. இப்ப அறுத்தா கொள்முதல் நெலையத்துல ஈரம்னு திருப்பி அனுப்பிருவாங்க."

அவர் தலையாட்டிவிட்டுத் திரும்பினார். ஆனால் அடுத்த வாரம் யாரும் எதிர்பார்க்காத மழை பிடித்துக்கொண்டது. அவர் வயலில் ஒரு பக்கம் முழுக்க நெல் சாய்ந்து தண்ணீரில் கிடந்தது. அம்மா "நான் பண்ணுனது சரிதானடி?" என்று என்னிடம் போனில் கேட்டபடியே இருந்தார். சரிதான் என்றுதான் நானும் சொன்னேன்.

மழை விட்டதும் தலைவர் வந்தார். அம்மா எதையோ சொல்ல வாயெடுத்தார், அவர் கையமர்த்தினார். "செயின் வண்டிய அனுப்பு, கெடைக்கிறது கெடைக்கட்டும்." சாய்ந்த நெல்லில் பெரும்பகுதியை அது வாரி எடுத்துவிட்டது. மச்சானின் வண்டி சாலையோரம் நின்றுகொண்டிருந்தது. மச்சான் இறங்கி வந்து அந்த செயின் வண்டி வேலை செய்வதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பிறகு அம்மாவிடம், "ஏங்க, இது என்ன வெல இருக்கும்?" என்று விசாரித்தார்.

அறுவடை முடிந்த பிறகு நடந்த கூட்டத்தில் தலைவரே பேச்சை எடுத்தார். சட்டத்தில் மச்சான் இல்லாவிட்டால் போகட்டும், நம் கம்பெனிக்கென்று ஒரு விதி எழுதிக்கொள்ளலாம் என்றார். எழுத என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். மச்சான் என்று ஆரம்பித்தோம். தாய்மாமன், சம்பந்தி, சகலை, பங்காளி என்று போய்க்கொண்டே இருந்தது.

"இப்புடியே போனா ரூமுல நாக்காலிங்க மட்டுந்தான் இருக்கும்" என்றார் உரக்கடைக்காரர்.

பட்டியலே வேண்டாம், ஒருவர் வெளியே நின்றால் நல்லது என்று யாராவது சொன்னால் அவர் நிற்கட்டும் என்றார் அம்மா. பிடிக்காதவர்களை வெளியே அனுப்ப அது வசதியாகிவிடாதா என்று நான் கேட்டேன். அப்படியானால் மற்றவர்கள் சேர்ந்து முடிவு செய்யட்டும் என்றார் தலைவர். மற்றவர்களும் சொந்தக்காரர்களாக இருந்தால்? இரண்டாவது டீ வந்தது. கடைசியில் அம்மா சொன்னதையும் தலைவர் சொன்னதையும் சேர்த்து எழுதினேன். 'மறைமுகமான' என்ற சொல்லைப் போட்டபோது அது யாருக்கும் பிடிக்கவில்லை. 'மனசுல ஒரு பக்கம் சாயிற மாதிரி இருந்தா' என்று போடச் சொன்னார்கள். அப்படியே போட்டேன். பல்கலைக்கழகம் திரும்பியதும், அதை நீதிமன்றம் ஒப்புக்கொள்ளுமா என்று பாடம் எடுத்த பேராசிரியரிடம் கேட்டேன். அவர் ரொம்ப நேரம் அந்த வரியைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "வா, தேடிப் பாப்போம்" என்று நூலகத்துக்குக் கிளம்பினார்.