பின் டயரில் இரண்டு குடம் தண்ணீர்

குத்தாலம் பக்கத்தில் ஸ்போர்ட்ஸ் காரை ஓடுகிற ஓட்டத்திலேயே வளைவில் அப்படியே திருப்பி, வந்த திசையைப் பார்த்து நிறுத்திய ஆள் நான் ஒருவன்தான். பொய். நான் திருப்பவில்லை. அதுவாகத் திரும்பியது. நான் உள்ளே ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு "அம்மா" என்று கத்தியதோடு சரி. இரண்டு வருடம் ஆகிறது. சொன்னால் ஊரே சிரிக்கிறது. எனக்கு மட்டும் இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது.

ஊருக்கு வெளியே ரோட்டோரம் எனக்கு டயர் பஞ்சர் கடை. ஏழாம் வகுப்பில் பள்ளிக்கூடமும் நானும் ஒருவருக்கொருவர் ஒத்துவராது என்று பேசிப் பிரிந்துவிட்டோம். அன்றிலிருந்து டிராக்டர் டயர்தான் பிழைப்பு. சேற்று வயலில் டிராக்டரின் பின் சக்கரம் பிடிப்பில்லாமல் சும்மா சுற்றினால், டயருக்குள் முக்கால்வாசி தண்ணீர் ஏற்றிவிடுவோம். கனம் கூடும், சக்கரம் சேற்றைக் கவ்விக்கொண்டு நகரும். இந்த வேலையில் நான் கைராசிக்காரன் என்று பெயர். அந்தப் பெயர்தான் என்னைக் கெடுத்தது.

அப்போது புரட்டாசிக் கடைசி. குறுவை அறுத்து முடிப்பதற்குள் மழை பிடித்துவிட்டது. கொள்முதல் நிலையத்தில் ஈரம் பார்க்கிற மெஷின் எங்கள் நெல்லுக்குப் பத்தொன்பது சதவீதம் காட்டியது. பதினேழுக்கு இறங்கினால்தான் எடுப்பார்கள். ஊருக்கு இருக்கிற ஒரே களத்தில் கால் வைக்க இடமில்லை. ரோட்டில் நெல் காயப்போடக் கூடாது, தெரியும். வேறு எங்கே போடுவது, என் தலையிலா? முன்பக்கம் நன்றாகக் காலியாகத்தான் இருக்கிறது, ஆனால் பத்து மூட்டை கொள்ளாது.

கடையிலிருந்து கூப்பிடு தூரத்தில், வாய்க்கால் ஓரமாக ரோடு வளைகிற இடத்தில், பாதி ரோட்டுக்கு நெல்லைப் பரப்பினோம். வண்டி ஏறாமல் இருக்க ஓரமெல்லாம் கருங்கல் வைத்தது நான்தான். மழை விட்டு வெயில் அடித்த மூன்று நாளும் என் மனைவி அங்கேதான் கிடந்தாள். தார் ரோட்டுச் சூட்டில் நின்று பலகையால் நெல்லைத் தள்ளிவிடுவாள், புரட்டுவாள், ஒரு மணியை எடுத்துக் கடித்துப் பார்ப்பாள், மறுபடி தள்ளுவாள். நெல் மேல் சக்கரத்தை ஏற்றுகிற கார்க்காரர்களைத் திட்டுவது என் பொறுப்பு. கடையில் உட்கார்ந்தபடியே, "நீ சோறுதானேடா திங்கிற?" என்று தொண்டை கட்டுகிறவரை கத்துவேன்.

நான்காம் நாள் எங்கள் முறை. மூன்று மணிக்கு எடை. அதை விட்டால் வரிசையின் வாலுக்குப் போக வேண்டும். அதுவரை மழை பொறுக்காது என்பது கிழக்கே நிமிர்ந்து பார்த்தாலே தெரிந்தது. அந்த நெல் மூன்று மணிக்குள் காய வேண்டும். அன்றைக்கு எங்கள் வீட்டில் வேறு பேச்சே கிடையாது.

பதினோரு மணிக்கு அந்தக் கார் வந்தது. மஞ்சள் நிறம், இரண்டே பேர் உட்காரலாம், உயரம் என் இடுப்புக்கு எட்டவில்லை. ஓட்டி வந்தவர் பூம்புகார்ப் பக்கத்து ஊர்க்காரர். துபாயிலிருந்து தங்கை கல்யாணத்துக்கு லீவில் வந்திருந்த பாய். பின் டயரில் ஒன்று பஞ்சர். நான் அதை ஒட்டிக்கொண்டிருக்கும்போது மனசில் இருந்ததைக் கொட்டினார்.

"சென்னைல செகண்ட் ஹேண்ட்ல எடுத்தேன் அண்ணே. நேராப் போனா ராஜா மாதிரி போவுது. வளைவுல பின்பக்கம் வாலை ஆட்டுது. வெள்ளிக்கெழம மாப்பிள்ளைய இதுலதான் கூட்டிட்டு வரணும். தஞ்சாவூர்ல கொண்டுபோய் காட்டலாமான்னு பாக்குறேன்."

காட்டுங்க பாய் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்தது. எனக்கு இது தெரியாது என்று சொல்வதற்குப் பள்ளிக்கூடமா போக வேண்டும்? இந்த வாய் இருக்கிறதே.

"தஞ்சாவூரா? இதுக்கா? பின்னாடி கனம் இல்ல பாய், அதான். எஞ்சின் முன்னால இருக்கு, தள்ளுறது பின் சக்கரம். கனம் ஏத்துனா கப்புன்னு கவ்விக்கும். அரை மணி நேரம் குடுங்க."

வால்வைக் கழற்றினேன். தண்ணீர் ஓஸ் பைப்பை மாட்டினேன். பின் டயர் இரண்டும் ஆளுக்குக் கிட்டத்தட்ட இரண்டு குடம் குடித்தன. கடைசியில் மேலாகக் கொஞ்சம் காற்று. பாய் பயபக்தியாகப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த நேரம் பார்த்து என் மனைவி வந்தாள்.

"ஏங்க, குடிக்க ஒரு சொம்பு தண்ணி கேட்டு ஒரு மணி நேரமாச்சு. இங்க காருக்குக் கொடம் கொடமா ஊத்துறீங்களா?"

"இது வைத்தியம்டி. உனக்குப் புரியாது."

"எனக்கு ஒண்ணும் புரிய வேணாம். வைத்தியம் பாத்த வண்டிய வளைவுப் பக்கம் மட்டும் கொண்டாந்துடாதீங்க. நெல்லு இப்பதான் கடிச்சா கடக்குன்னு ஒடையுது."

"அந்தப் பக்கமே வர மாட்டேன், போ."

ஓட்டிப் பார்க்க வேண்டும் அல்லவா? பாய் சாவியை என்னிடம் நீட்டினார். "வைத்தியர் நீங்க. நீங்களே ஓட்டுங்கண்ணே." மேற்கே போயிருக்கலாம். மேற்கிலும் வளைவு உண்டு, ஆள் கிடையாது. நான் நெல் கிடந்த கிழக்கே திருப்பினேன். ஏன் என்று இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அவள் பார்க்க வேண்டும். நாள் முழுக்க டிராக்டருக்கு அடியில் கிரீஸ் அப்பிக்கொண்டு கிடக்கிற புருஷன் மஞ்சள் காரில் போவதை அவள் ஒரு தடவை நிமிர்ந்து பார்க்க வேண்டும். இந்த மயிருக்காகத்தான் போனேன். மன்னிக்கவும், இதற்கு வேறு நல்ல வார்த்தை எனக்குக் கிடைக்கவில்லை.

உள்ளே உட்கார்ந்தால் பந்தியில் உட்கார்ந்த மாதிரி இருந்தது, இலைதான் இல்லை. மெதுவாகப் போகும்போது கார் பின்னால் அழுந்தி உட்கார்ந்துகொண்டு அடக்கமாகப் போனது. "பாத்தீங்களா பாய், ஒட்டிக்கிச்சு!" என்றேன். அவர் முகமெல்லாம் பல். ஐம்பது. அறுபது. வளைவு வந்தது. அவள் நெல்லுக்கு நடுவில் குனிந்து பலகையைத் தள்ளிக்கொண்டிருந்தாள். நான் ஹாரன் அடித்து, ஒரு கையை வெளியே நீட்டி ஆட்டினேன்.

கல்லுக்கு வெளியே சிதறிக் கிடந்த நெல்லில் பின் சக்கரம் ஏறியது. தார் ரோட்டில் கிடக்கிற நெல் சக்கரத்துக்கு அடியில் சைக்கிள் பேரிங் குண்டு மாதிரி உருளும் என்பது எனக்குத் தெரியாததா? வால் விலகியது. ஒரு நொடி பொறுத்திருக்கலாம். நான் பிரேக்கின் மேல் ஏறி நின்றேன். அப்புறம் வாய்க்கால், பனைமரம், வானம், மறுபடி வாய்க்கால். நான் ஏற்றிவைத்த கனம் அத்தனையும் சேர்ந்து வாலை வெளிப்பக்கம் இழுத்துக்கொண்டு போனது. கல் வரிசையில் பின் டயர் மோதியது. கார் நின்றபோது வந்த வழியைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அவளைக் காணோம்.

அவள் கையில் இருந்த பலகை காருக்கு அடியிலிருந்து பாதி நீட்டிக்கொண்டிருந்தது. எஞ்சின் அணைந்துவிட்டது. ஒரு சத்தம் இல்லை. ஐந்து விநாடியோ பத்து விநாடியோ, எனக்குத் தெரியாது. கதவைத் திறக்கக் கை வரவில்லை. பாய் வாய்க்குள் ஏதோ ஓதிக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை வரவில்லை, பயம்கூட வரவில்லை. என் மேல் வெறி வந்தது. பல்லைக் கடித்த கடியில் கடைவாய்ப் பல் ஓரம் உடைந்திருக்கிறது. ராத்திரி சாப்பிடும்போதுதான் தெரிந்தது.

"யோவ்!"

பதினெட்டு வருடக் குடித்தனத்தில் அவள் என்னை அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. வாய்க்காலுக்குள்ளிருந்து வந்தது சத்தம். ஹாரனைக் கேட்டு நிமிர்ந்தவள் பலகையைப் போட்டுவிட்டுக் குதித்திருக்கிறாள். இடுப்பளவு தண்ணீரில், தலையில் ஆகாயத்தாமரையோடு நின்றாள்.

"கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு? நெல்லப் பாருய்யா! என்னைய ஏன்யா பாக்குற, நெல்லப் பாரு!"

பார்த்தேன். கல்லில் அடிபட்ட டயர் ரிம்மை விட்டு விலகி, உள்ளே இருந்த தண்ணீர் சீறிக்கொண்டு வெளியே வந்து, காய்ந்த நெல்லின் நடுவில் வழி பண்ணிக்கொண்டு ஓடியது. வானம்கூட இன்னும் ஒரு சொட்டு விடவில்லை. அதற்குள் நான் குடக் கணக்கில் மழை பெய்துவிட்டேன்.

அவள் கரையேறி வந்தாள். நெல் ஓரத்துக்கு வந்ததும் நின்றாள். புடவையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அது நெல்லில் பட்டுவிடக் கூடாது என்று தள்ளி நின்று, முந்தானையையும் கொசுவத்தையும் முறுக்கிப் பிழிந்தாள். சாவிலிருந்து தப்பி வந்தவள். நடுவில் என் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. இப்போது நினைத்தாலும் என்னை நானே செருப்பால் அடிக்கலாம் போல இருக்கிறது.

அந்த நேரத்தில் பாய் காரைச் சுற்றி வந்து, "போச்சு, பின் பம்பர் போச்சு. வெள்ளிக்கெழமைக்கு என்ன பண்ணுவேன்?" என்றார். யார் மேலாவது பாய வேண்டும் என்று காத்திருந்த எனக்கு அது போதும். சட்டையைப் பிடித்துவிட்டேன்.

"அவ செத்திருப்பாய்யா! நீ பம்பரப் பாக்குறியா?"

அவர் என் கையைத் தட்டிவிடவில்லை. "ஓட்டுனது யாருண்ணே?" என்றார். சத்தம்கூடப் போடவில்லை. என் கை தானாக இறங்கியது.

"சண்டைய சாயங்காலம் வெச்சுக்குங்க," என்றாள் அவள். "ரெண்டு பேரும் போயி சாக்க எடுத்துட்டு வாங்க. பாய், செருப்பக் கழட்டிட்டு வாங்க."

பாய் வெள்ளை பேண்ட்டை முழங்கால்வரை மடித்துவிட்டுக்கொண்டு இறங்கினார். நனைந்ததை அவள் கையால் தொட்டுத் தொட்டு ஒதுக்கினாள். காய்ந்ததை நாங்கள் அள்ளினோம். மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. பத்து மூட்டையில் ஆறு தேறியது. மூன்று மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். மெஷின் பதினாறரை காட்டியது. அவள் என்னைத் திரும்பிப் பார்க்காமல் கைநாட்டு வைக்கிற இடத்துக்குப் போனாள். நனைந்த நான்கு மூட்டையை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். அன்று சாயங்காலமே மழை. மூன்றாம் நாள் சாக்குக்குள்ளேயே வெள்ளையாக முளை விட்டிருந்தது. வாத்துக்காரர் வந்து அள்ளிக்கொண்டு போனார். அவருடைய வாத்துகளைப் போல் அந்த வருடம் யாரும் சாப்பிட்டிருக்க மாட்டார்கள்.

பாய் தங்கை கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வேனில்தான் வந்தாராம். அடுத்த வாரம் பாய் தஞ்சாவூரில் சக்கரம் நேராக்குகிற அலைன்மென்ட் கடையிலிருந்து போன் செய்தார். குத்திக்காட்டவில்லை, நடந்ததைச் சொன்னார். டயரின் பக்கவாட்டில் நாலு நம்பர் போட்டிருக்குமாம், எந்த வாரம் எந்த வருடம் செய்தது என்று. பின் டயர் இரண்டுக்கும் வயது எட்டு. கார் ஓடாமல் நின்ற இடத்திலேயே நின்றதால் டயரின் மேல் பட்டன் தேயாமல் புதுசு மாதிரி தெரிந்திருக்கிறது. ரப்பர் மட்டும் கொட்டாங்கச்சி மாதிரி இறுகிப்போய், ரோட்டைப் பிடிக்கவே இல்லை. பின் சக்கரங்களும் முன்பக்கமாக லேசாக வெளியே விரிந்து நின்றிருக்கின்றன. இரண்டு புது டயர் போட்டு, சக்கரங்களை மயிரிழை உள்பக்கம் பார்க்க வைத்ததும் வளைவில் பின்பக்கம் அசையவே இல்லையாம்.

"கனம் போட்டா நேராப் போறப்பதான் உக்காருமாம்ண்ணே. திரும்புறப்ப அதே கனம் வெளிய இழுக்குமாம். டிராக்டரு சேத்துல நடக்குது, இது ரோட்டுல பறக்குதுன்னு இங்க உள்ளவரு சொல்றாரு."

அந்த டயரை அரை மணி நேரம் மடியில் வைத்துப் பஞ்சர் ஒட்டியவன் நான். நாலு நம்பர், என் விரலுக்கு அடியிலேயே இருந்திருக்கும். படிக்காதவன்தான், ஆனால் நம்பர் தெரியும். பார்க்கவில்லை. தெரியாதது தப்பில்லை என்று ஆறுதல் சொல்கிறார்கள். தெரியாதவன் தெரிந்த மாதிரி பேசினானே, அது? அதற்கு ஆறுதல் சொல்ல வந்தவர்களை எல்லாம் திட்டி அனுப்பிவிட்டேன். போன மாதம் பாய் மறுபடி லீவில் வந்து, அதே காரைக் கடை வாசலில் நிறுத்தி, "அண்ணே, ஒரு ரவுண்டு போலாமா?" என்று கேட்டார் பாருங்கள், அப்போது இவள் உள்ளேயிருந்து…

"ஏங்க!"

இதோ, இப்போது நிஜமாகவே கூப்பிடுகிறாள். மீதியை எழுத முடியாது, மன்னிக்க வேண்டும். காரின் உள்ளே உட்கார்ந்து அந்தப் பத்து விநாடி சத்தமில்லாமல் இருந்ததைக் கேட்டவன், இவள் குரல் இரண்டாவது தடவை கூப்பிடுகிறவரை உட்கார்ந்திருக்க மாட்டான்.