படுத்துக்கொள்ளச் சொன்னவன்

என் தங்கை புருஷனுக்கு ஒரு காலத்தில் வாய் ஓயாது. தொழிற்சாலையில் கிரேன் ஓட்டினான். உயரத்துக் கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்து கீழே இருப்பவர்களுக்கு நாளெல்லாம் உத்தரவு போட்ட பழக்கம் வீட்டுக்கு வந்தாலும் போகாது. அடுப்பை அணைப்பதற்கும் மகளுக்குத் தலை பின்னுவதற்கும் ஐயா யோசனை சொல்ல வேண்டும். "கூண்டை அங்கேயே விட்டுட்டு வாங்களேன்" என்று தங்கை கேலி செய்வாள். ஆனால் அவன் பேச்சை ஒருநாளும் தட்டியதில்லை. மகள்தான் எமகாதகி. உட்கார் என்றால் நிற்பாள்.

தொழிற்சாலையில் வருஷா வருஷம் ஒரு பயிற்சி நடக்கும். புகை மேலேதான் போகும், அதனால் நிமிராதே, தரையோடு தரையாகப் படு. இதைச் சொல்லிக்கொடுத்த மகராசன்கள், பின்பக்கத் தொட்டியில் இருந்தது என்னவென்று சொல்லவில்லை. அந்த விஷவாயு கசிந்தால் மேலே போகாது, தரையில்தான் படியும். தொட்டியின் வால்வு பழுது என்று ஃபிட்டர்கள் நாயாய்க் கத்தியிருக்கிறார்கள். வேலையை நிறுத்த முடியாது, இறுக்கிவிட்டு ஓட்டுங்கள் என்றதாம் நிர்வாகம். நாசமாய்ப் போக.

ஒருநாள் காலை வால்வு பிய்த்துக்கொண்டது. வெள்ளையாய் ஏதோ மதிலைத் தாண்டி எங்கள் தெருவுக்குள் ஊர்வதை அவன் கூண்டிலிருந்து பார்த்தான். இறங்கி ஓட வழியில்லை. தங்கைக்குப் போன் போட்டான்.

"புகை வருது. கதவைச் சாத்திட்டு ரெண்டு பேரும் தரையில படுத்துக்கோங்க. நான் வர்ற வரைக்கும் எழுந்திரிக்கவே கூடாது."

அவள் படுத்தாள். மகள் மாட்டேன் என்று அடம்பிடித்து அலமாரி மேல் ஏறி, மேல் ஜன்னலில் முகத்தை வைத்துக்கொண்டாள். அதனால் பிழைத்தாள், பாதி நுரையீரலோடு. நான் வேலைக்குப் போயிருந்ததால் பிழைத்தேன். என் தங்கை எழுந்திரிக்கவே இல்லை.

விசாரணைக்கு வந்த அதிகாரி, பயிற்சியெல்லாம் முறையாகக் கொடுத்திருக்கிறார்களே என்றார். நான் சண்டைக்குப் போனேன். அவன் என்னை இழுத்துக்கொண்டு வந்துவிட்டான். அன்றிலிருந்து அவன் யாருக்கும் எதுவும் சொல்வதில்லை. மகளிடம் சாப்பிடு என்றுகூடச் சொல்ல மாட்டான். தட்டை வைத்துவிட்டு நிற்பான். உனக்குச் சொல்லிக்கொடுத்ததைத்தானே நீ சொன்னாய் என்று திட்டியும் பார்த்துவிட்டேன், கெஞ்சியும் பார்த்துவிட்டேன். சுவரோடு பேசலாம்.

அவளுக்கு இப்போது கல்யாண வயது. மாடிப்படியில் நாலு படி ஏறினால் உட்கார்ந்துவிடுவாள். போன வாரம் மத்தியானம் மூச்சு இழுக்க ஆரம்பித்தது. ஆக்ஸிஜன் சிலிண்டரைத் திருகினேன், காலி. ஆம்புலன்சுக்குச் சொல்லிவிட்டு ஓடி வந்தேன். அவள் கட்டில் சட்டத்தைப் பிடித்தபடி அப்பனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, படுக்கவா, உக்காரவா? நீ சொல்லுப்பா."

அவன் வாயைத் திறந்தான். சத்தம் வரவில்லை. எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தது. சொல்லித் தொலையேன் தம்பி என்று கத்தினேன்.

அவள் மூச்சை இழுத்து இழுத்துச் சொன்னாள்: "இந்தத் தடவை கேக்குறேன்பா."

அவன் அவள் முதுகைத் தடவிக்கொண்டு அப்படியே நின்றான்.