இலையைத் திருப்பிப் பார்த்த என் சம்பந்தி

திண்டிவனம் சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது மாப்பிள்ளையின் போன் வந்தது. "அத்தை, அம்மா போயிட்டாங்க" என்றார். எடுத்த காயை அப்படியே போட்டுவிட்டு விழுப்புரம் பஸ் ஏறினேன். முண்டியம்பாக்கம் வரும்வரை எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. போன வாரம்கூட "ஊருக்கு வர்றேன் சம்பந்தி" என்று சொன்ன மனுஷி, இப்படியா சொல்லாமல் கொள்ளாமல் போவது?

திலகவதி அம்மாள் என் மகள் கோமதியின் மாமியார். அரசு மருத்துவமனையில் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள். அதிகம் பேச மாட்டார்கள். நான் அதற்கு நேர் எதிர்.

பெண் பார்க்க வந்த அன்று எல்லோரும் உள்ளே உட்கார்ந்து கேசரி சாப்பிடுகிறார்கள், இந்த அம்மாள் மட்டும் வாசலில் நின்று என் ரோஜாத் தொட்டியில் ஒவ்வொரு இலையாகத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குச் சுருக்கென்றது.

"பொண்ணப் பாக்க வந்தீங்களா, செடியப் பாக்க வந்தீங்களா?" என்று கேட்டேவிட்டேன். என் வாய் அப்படி.

"பொண்ண போட்டோவுலயே புடிச்சிப்போச்சிங்க. எல பின்னாடி என்னா இருக்குதுன்னு போட்டோவுல தெரியாதே" என்று சிரித்தார்கள். பிறகு, கேட் வளைவில் ஏற்றிவிட ஒரு மஞ்சள் கொடி ரோஜா, அதுவும் அந்தக் காலத்து வாசனை ரோஜாவாகத் தேடிக்கொண்டிருப்பதாகச் சொன்னார்கள்.

அதை நான் மனதில் வைத்திருந்தேன். கோமதிக்குத் தலைப்பொங்கல் வரிசை கொண்டுபோனபோது, ரோட்டோர நர்சரியில் இருப்பதிலேயே நிறையப் பூத்திருந்த மஞ்சள் கொடி ரோஜாவை வாங்கி, கரும்பு, மஞ்சள் கொத்தோடு சேர்த்து இறக்கினேன். பெருமை தாங்கவில்லை எனக்கு!

சம்பந்தியின் ஓரகத்தி ஒருவர் இருக்கிறார், வீட்டில் மூத்தவர். தன் தம்பி மகளை மாப்பிள்ளைக்குக் கொடுக்க நினைத்து நடக்காமல் போனவர். உறவெல்லாம் கூடியிருக்க, அவர் மோவாயில் கை வைத்தார்.

"வரிசைத் தட்டோட முள்ளுச் செடியா? புதுசா மருமக வந்த வூட்ல சண்டைய நட்டு வெக்கவா கொண்டாந்தீங்க?"

கோமதியின் முகம் செத்துப்போயிற்று. அந்த வீட்டுக்குப் போய் மூன்று மாதம்கூட ஆகாத பெண். அவள் வாழ்க்கையில் நானே மண்ணை அள்ளிப் போட்டுவிட்டேனே!

திலகவதி அம்மாள் முன்னே வந்து தொட்டியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்கள். "நான்தான்க்கா சம்பந்தி கிட்ட கேட்டு வாங்கினேன். மஞ்சப் பூ, மங்களந்தானே?" என்றார்கள். என்னிடம் அவர்கள் எதையும் கேட்கவில்லை. அவர்கள் சொன்ன முதல் பொய் அதுவாகத்தான் இருக்கும்.

செடியோ ஒரு மாதம் தாங்கவில்லை. இலையெல்லாம் கரும்புள்ளி விழுந்து உதிர்ந்தது. பட்டுப்போன விஷயம் ஓரகத்தி காதுக்குப் போனால் கோமதி தலைதான் உருளும். பதறிப்போய் ஓடினேன்.

"அது வரும்போதே நோயோடதான் வந்துச்சி. அதான் பின்பக்கம் தனியா வெச்சிருந்தேன்" என்றார்கள், வார்டில் பேசுவதுபோல. "பூவப் பாத்து வாங்கிட்டீங்க. பூ இன்னிக்கு வரும், நாளைக்கு உதுரும். எலதான் சம்பாரிச்சிப் போடுது."

"மருந்தடிச்சுக் காப்பாத்த முடியாதா?"

"வாழ்நாள் பூரா வார்டுலயே கெடந்தேன் சம்பந்தி. வூட்லயும் ஒரு நோயாளிய வெச்சிக்கினு இருக்கணுமா? கெளம்புங்க, வேற பாக்கலாம்."

வெயிலில் என்னை இழுத்துக்கொண்டு ஓமந்தூர்ப் பக்கம் ஊர் ஊராக அலைந்தார்கள். நர்சரிக்குள் நுழையவே இல்லை. ஒரு வேர்க்கடலைக் கொல்லையில், மோட்டார் கொட்டகைமேல் படர்ந்திருந்தது ஒரு கொடி. பூ நாலைந்துகூட இல்லை, வெளிறிய மஞ்சளில் தலை கவிழ்ந்து கிடந்தன. நான் உதட்டைப் பிதுக்கினேன். அவர்களோ குனிந்து அடி இலையைத் திருப்பினார்கள். அடியிலிருந்து நுனிவரை பச்சை, ஒரு புள்ளி இல்லை.

"மருந்து ஏதாச்சும் அடிக்கிறீங்களா?" என்று கொல்லைக்காரரைக் கேட்டார்கள்.

"மல்லாட்டைக்கு அடிக்கவே நேரமில்லீங்க. இதுக்கு எவன் அடிக்கறது?"

"இதான் நம்ம செடி" என்றார்கள். ஒட்டுக் கட்டியது வேண்டாமாம், ஒட்டுக்குக் கீழே துளிர்த்தால் காட்டு ரோஜாதான் வருமாம், சொந்த வேரில் நிற்க வேண்டுமாம். தாழ்ந்த கொம்பு ஒன்றை வளைத்து மண்ணில் பதியம் போட்டு, மேலே கல்லை வைத்துவிட்டு வந்தோம். வேர் விட்டதும் வெட்டி எடுத்துப்போய் வளைவின் அடியில் நட்டார்கள்.

மறு வருஷம் அது வளைவு முழுக்கப் பூத்தது. ஓரகத்தி வந்து வாய் பிளந்து நின்றபோது, "எங்க கோமதி தலைப்பொங்கலுக்கு வந்ததுதான்க்கா" என்று நாக்கூசாமல் சொன்னார்கள். அதற்கப்புறம் அந்த வீட்டில் யாரும் முள்ளுச் செடி பேச்சை எடுக்கவில்லை. பின்பக்கத்துச் செடியைத்தான் வளைவுக்கு மாற்றி நட்டதாகக் கோமதிகூட இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறாள். எழுதிவிட்டேன், படிப்பவர்கள் படித்துக்கொள்ளட்டும்.

அன்று விழுப்புரத்தில் போய் இறங்கியபோது பந்தல் போட்டிருந்தார்கள். மாப்பிள்ளை சுவரில் சாய்ந்து கிடந்தார். கோமதிதான் ஐஸ் பெட்டிக்கு இடம் காட்டி, வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கச் சொல்லி, அழுதுகொண்டே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். எடுக்கிற நேரத்தில் யார் யார் என்ன முறை செய்வது என்று ஆளுக்கொன்று பேச, அந்த ஓரகத்தி சத்தம் போட்டார்.

"எல்லாரும் சும்மா இருங்கடி! கோமதி, நீ சொல்லும்மா. இது உன் வூடு."

அதுவரை அடக்கி வைத்திருந்த அழுகையெல்லாம் எனக்கு அப்போதுதான் பொத்துக்கொண்டு வந்தது. தெருமுனைவரை பாடையோடு கூடவே நடந்தேன். கூட்டத்தில் யார் என்ன நினைத்தால் என்ன, வாய்விட்டே சொன்னேன்.

"எம்பொண்ணு உங்க வூட்ல நல்லா நின்னுட்டா சம்பந்தி. நிம்மதியாப் போங்க."