குணம் சொல்லி விற்ற எண்ணெய்

பால் பொங்கி வழிந்து மாஸ்டரின் இடது கை விரல்களில் ஓடியது. அவர் கையை எடுக்கவில்லை. ஐப்பசி மாதத்து மழைக் காலை. டீக்கடையின் தகரக் கூரையில் மழை சடசடத்துக்கொண்டிருந்தது. வலது கையால் கிளாஸில் டிகாஷனை ஊற்றிக்கொண்டே என்னைப் பார்த்து, "என்னா மச்சான், சக்கர கம்மியாவா, எப்பவும் போலயா?" என்று கேட்டார். சுண்டுவிரலும் மோதிரவிரலும் பால் குண்டானின் விளிம்பைப் பிடித்தபடி இருந்தன. அவற்றின் மேல் நுரை படிந்து ஆவி பறந்தது. "மாஸ்டர், கை!" என்று கத்தினேன். அவர் குனிந்து, வேறு யாருடைய கையையோ பார்ப்பதுபோலப் பார்த்தார். பிறகுதான் எடுத்தார். தோளில் கிடந்த துண்டால் துடைத்துக்கொண்டு, "இருவது வருஷமா வேவுற கை மச்சான், பழகிப்போச்சு" என்று சிரித்தார். பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்களும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கைக்கு ஒன்றரை வருடமாக எண்ணெய் விற்றுக்கொண்டிருந்தவன் நான்.

அப்போது நான் சிதம்பரத்தில் ஒரு நாட்டு மருந்துக் கடையில் விற்பனையாளனாக இருந்தேன். கீழ வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்துக்குள் இருந்தது கடை. எதிரே மாஸ்டர் வேலை பார்த்த டீக்கடை. சுக்கு, திப்பிலி, கடுக்காய் எல்லாம் விற்றாலும் எங்கள் கடைக்குப் பெயர் வாங்கித் தந்தது எண்ணெய்கள்தான். ஒவ்வொரு எண்ணெய்க்கும் அதன் குணங்களை மூச்சு விடாமல் சொல்வேன். வெடித்த குதிகாலுக்கு விளக்கெண்ணெய், பேனுக்கு வேப்பெண்ணெய், சொறிக்குப் புங்க எண்ணெய், சனிக்கிழமைக் குளியலுக்கு நல்லெண்ணெய். என் பேச்சைக் கேட்பதற்காகவே சிலர் நின்றுவிட்டுப் போவார்கள். முதலாளி எனக்குச் சொல்லி வைத்திருந்த விதி ஒன்றே ஒன்று: "நோயப் பேசாத, குணத்தப் பேசு. நோயச் சொன்னா பயந்து ஓடிருவான். குணத்தச் சொன்னா ரெண்டு பாட்டிலா வாங்குவான்."

நீரடிமுத்து எண்ணெயை அதிகம் பேர் கேட்க மாட்டார்கள். மேற்கே மலைக்காட்டில் விளையும் ஒரு மரத்தின் விதையை ஆட்டி எடுப்பது. மார்கழிக் காலையில் பாட்டிலுக்குள் நெய்போல் உறைந்து கிடக்கும். வாடை கொஞ்சம் குமட்டும். கடையில் மருந்துச் சரக்குகளின் குணங்களை எழுதி வைத்த பழைய நோட்டு ஒன்று இருந்தது. அதில் நீரடிமுத்துக்கு நேராக முதல் சொல்லாக எழுதியிருந்தது 'பெருநோய்'. குஷ்டம் என்று ஊரில் சொல்வார்களே, அது. அந்தத் தோலில் வியர்க்காது, தொட்டாலும் தெரியாது என்று குறிப்பும் இருந்தது. அதற்கப்புறம்தான் படை, சிரங்கு, தோல் வறட்சி. யாராவது கேட்டு வந்தால் நான் முதல் சொல்லை விட்டுவிட்டு இரண்டாவதிலிருந்து ஆரம்பிப்பேன். இதை எனக்கு முதலாளி சொல்லித்தரவில்லை. நானாகவே கற்றுக்கொண்டேன்.

மாஸ்டர் முதன்முதலில் அந்த எண்ணெயைக் கேட்டு வந்தபோது மதிய வேளை, கடையில் ஆள் இல்லை. பண்ருட்டியில் யாரோ சொன்னார்கள் என்றார். சட்டைக் கையை மடித்து முன்கையைக் காட்டினார். உள்ளங்கை அகலத்துக்குத் தோல் வெளுத்திருந்தது. "தேமல் மாரி இருக்கு மச்சான். அரிக்கல, வலிக்கல. பாக்க நல்லால்ல, அவ்ளோதான்." நான் குணங்களைச் சொன்னேன். படை மறையும், வறட்சி போகும், தோல் மினுமினுப்பாகும். அவர் தலையாட்டிக்கொண்டே கேட்டார். பாய்லரின் முன்னால் காலையிலிருந்து நின்று உடம்பெல்லாம் வியர்த்திருந்தது, அந்த வெளுத்த இடத்தைத் தவிர. அது உலர்ந்து கிடந்ததை நான் பார்த்தேன். பார்த்துக்கொண்டே பாட்டிலைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தேன்.

எண்ணெய் வேலை செய்யவில்லை என்று சொல்ல முடியாது. ஒரு மாதத்தில் தோலின் வறட்சி போய்ப் பளபளவென்றானது. மாஸ்டர் அதை எல்லாரிடமும் காட்டினார். அந்தத் தெருவில் பல பேர் அவர் சொல்லி எங்கள் கடைக்கு வந்தார்கள். முதலாளி மகிழ்ந்து போனார். அடுத்த கோடையில் மாஸ்டர் முழுக்கைச் சட்டைக்கு மாறினார். பாய்லரின் முன்னால், சித்திரை வெயிலில், மணிக்கட்டு வரை பொத்தான் போட்டுக்கொண்டு நின்றார். கேட்டால் சூடு தெறிக்காமல் இருக்க என்றார். காசை எண்ணிக் கொடுக்கும்போது சில்லறை அவர் இடது கையிலிருந்து நழுவி விழத் தொடங்கியது. சுண்டுவிரல் கொக்கிபோல மடங்கி, நீட்டச் சொன்னாலும் நீளாமல் நின்றது. இவ்வளவையும் எதிர்க் கடையிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு முறையும் அந்த நோட்டின் முதல் சொல் நினைவுக்கு வந்தது. ஒவ்வொரு முறையும் அப்படியெல்லாம் இருக்காது என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

பால் பொங்கிய அன்றைக்கு அப்படிச் சொல்லிக்கொள்ள முடியவில்லை. சாயங்காலம் பார்க்கும்போது அந்த இரண்டு விரல்களிலும் கோலிக்குண்டு அளவுக்குக் கொப்புளம். அதோடு அவர் கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தார். நான் செய்திருக்க வேண்டியது சந்தின் எதிர்ப்பக்கம் போய் அவரிடம் பேசுவது. அதைச் செய்யாமல், இது பெருநோய்தான் போலிருக்கிறது என்று முதலாளியிடம் சொன்னேன். அவர் கல்லாவிலிருந்து நிமிராமல், "நாம என்னா டாக்டரா? வாயத் தொறந்த, நம்ம எண்ணெயத் தேச்சுதான் இப்படி ஆச்சுன்னு திரும்பும். பேசாம இரு" என்றார். பேசாமல் இருந்தேன். ஆனால் மறுநாளிலிருந்து அந்தக் கடையில் டீ குடிப்பதை நிறுத்தினேன்.

நான்காம் நாள் மாஸ்டரே வந்துவிட்டார். "என்னா மச்சான், நம்ம டீ புடிக்கலையா?"

"அல்சர்னு சொல்லிட்டாரு டாக்டர். டீ கூடாதாம்."

அவர் இடது கையை மெதுவாக முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். அந்த அசைவை நான் பார்த்துவிட்டதையும் பார்த்தார். "உடம்பப் பாத்துக்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அவர் எங்கள் கடைப் படி ஏறவே இல்லை. அவருடைய சம்சாரம்தான் எண்ணெய் வாங்க வந்தாள். என்னை அண்ணே என்று கூப்பிடுவாள். முன்பு மாதத்துக்கு ஒரு பாட்டில் வாங்கியவர்கள் இப்போது வாரத்துக்கு ஒன்று வாங்கினார்கள். ஏன் என்று கேட்டேன். "உள்ளுக்கும் சாப்புடுறாரு அண்ணே. ரத்தம் சுத்தமாவும்னு ஃபோன்ல எவனோ பேசுறதக் கேட்டாரு. சாப்புட்ட உடனே வாந்தி. கண்ணெல்லாம் உள்ள போயிடுச்சு. வேணாம்னா கேக்க மாட்றாரு." அன்றும் நான் பாட்டிலைக் கொடுத்தேன். உள்ளுக்குச் சாப்பிட வேண்டாம் என்று மட்டும் சொன்னேன்.

தை மாதம் பிறந்து சில நாட்களுக்குப் பிறகு அவள் மகளையும் கூட்டிக்கொண்டு வந்தாள். ஒன்பது வயதிருக்கும். பள்ளிச் சீருடையில் இருந்தது குழந்தை. அவள் குரலைத் தாழ்த்தி, "அண்ணே, பாப்பாவுக்கும் முதுகுல லேசா வெளுத்திருக்கு. அவரு தேச்சுக்குற எண்ணெயவே தேய்க்கலாமா, குழந்தைக்குன்னு வேற இருக்கா?" என்று கேட்டாள். குழந்தையைக் கடைக்குள் கூப்பிட்டு, கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னேன். அம்மா சட்டையைச் சற்றே விலக்கினாள். தோள்பட்டைக்குக் கீழே, ஒரு ரூபாய்க் காசைவிடக் கொஞ்சம் பெரிய வெளுப்பு. பொட்டலம் கட்டும் நூலின் நுனியால் முதலில் கழுத்தைத் தொட்டேன். கூச்சத்தில் நெளிந்து சிரித்தது. "நான் தொடும்போதெல்லாம் சொல்லணும்" என்றேன். சரி என்றது. நூலை அந்த வெளுப்பின் மேல் வைத்தேன். குழந்தை கண்ணை இறுக்கி மூடியபடி காத்திருந்தது. நூலை எடுத்துவிட்டு விரலாலேயே அழுத்தினேன்.

"தொடுங்க மாமா" என்றது குழந்தை. "ஏன் தொடாமயே இருக்கீங்க?"

குழந்தையின் அம்மா என் விரலைப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

முதலாளியிடம் சொல்லிக்கொள்ளாமல் கடையிலிருந்து இறங்கினேன். நேராக டீக்கடைக்குப் போய், வாடிக்கையாளர்கள் நடுவில் நின்ற மாஸ்டரிடம், "கெளம்புங்க மாஸ்டர், பாப்பாவ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறோம்" என்றேன். அவர் மறுக்கத்தான் வாயெடுத்தார். என் பின்னால் வந்து நின்ற மகளைப் பார்த்ததும் துண்டைக் கழற்றி வைத்தார். கடலூர் பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்கு மேல் குழந்தை ஜன்னலோரம் உட்கார்ந்து வழியில் வந்த பலகைகளை எல்லாம் வாய்விட்டுப் படித்துக்கொண்டு வந்தது.

அரசு ஆஸ்பத்திரியில் தோல் டாக்டர் ஓர் அம்மா. மாஸ்டரின் முழங்கைக்குப் பின்னால் விரலால் உருட்டிப் பார்த்தார். அங்கே நரம்பு கயிறுபோலத் தடித்திருந்தது. சுற்றி வளைக்காமல் சொன்னார்: "இது தொழுநோய். பயப்பட வேண்டாம், முழுசா குணமாவும். மாத்திரை இங்கியே குடுக்குறோம், காசு கெடையாது. பாப்பாவுக்கு ஆரம்பம்தான், ஆறு மாசத்துல சரியாயிடும். உங்களுக்கு ஒரு வருஷம்." கொஞ்ச நேரம் அந்த மடங்கிய விரலைப் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு, "நோய் போயிடும். ஆனா இந்த வெரலுக்கு உணர்ச்சி திரும்பாது. ஆரம்பத்துலயே வந்திருந்தா தப்பிச்சிருக்கும். இவ்ளோ நாளா என்னா பண்ணிக்கிட்டு இருந்தீங்க?" என்று கேட்டார்.

மாஸ்டர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. "எண்ணெய் தேச்சேம்மா" என்றார். என்ன எண்ணெய் என்று கேட்டபோது நான்தான் பெயரைச் சொன்னேன். அந்த அம்மா ஏளனம் செய்யவில்லை. மாத்திரை வருவதற்கு முந்தின காலத்தில் இந்த நோய்க்கு வேறு வழியில்லாமல் அதே எண்ணெயைத்தான் ஊசியில் ஏற்றினார்கள், ஊசி போட்ட இடம் வீங்கி ஆட்கள் துடிப்பார்கள், அதிலும் சிலருக்குத்தான் பலன் இருந்தது என்றார். "இப்ப அது வெறும் எண்ணெய். கைய தெனமும் தண்ணியில ஊற வெச்சு, ஈரத்தோட ஏதாவது எண்ணெயத் தடவுங்க, தோல் வெடிக்காம இருக்கும். நல்லெண்ணெயே போதும். மருந்துன்னா மாத்திரைதான்."

வெளியே வந்ததும் நான் திரும்பிப் போய், வெட்கத்தை விட்டு, அவர் கையால் தினமும் டீ குடித்தவர்களுக்கு ஒட்டுமா என்று கேட்டேன். "கிளாஸ்ல இருந்தெல்லாம் வராதுங்க" என்றார் டாக்டர். "வைத்தியம் பாக்காதவங்களோட வருஷக்கணக்குல ஒண்ணா மூச்சு விட்டு இருந்தாதான். அதுலயும் நெறைய பேருக்கு வராது. மாத்திரை ஆரம்பிச்சுட்டா அவரால யாருக்கும் பரவாது." நான் டீயை நிறுத்தியதில் எனக்கு ஒரு பாதுகாப்பும் கிடைக்கவில்லை. அந்த நாட்களில் வாயைத் திறந்திருந்தால் ஒரு விரலுக்காவது உணர்ச்சி மிஞ்சியிருக்கலாம்.

குழந்தைக்கு ஆறு மாதத்தில் சரியானது. வெளுப்பு முழுதாக மறையவில்லை, ஆனால் பெரிதாகவும் இல்லை. மாஸ்டர் ஒரு நாள்கூடத் தவறாமல் மாத்திரை சாப்பிட்டார். தோல் கறுத்தது, சிறுநீர் சிவந்தது, எல்லாம் டாக்டர் முன்பே சொன்னதுதான். ஆனால் அவருடைய வேலை போய்விட்டது. நான் முதலாளியிடம் சொன்னது எதிர்ப்பக்கத்து டீக்கடைக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. இவரால் இனி யாருக்கும் ஒட்டாது என்று டீக்கடைக்காரரிடம் போய்ச் சொன்னேன். "எனக்குப் புரியுது, வர்றவனுக்குப் புரியணுமே" என்றார். பண்ருட்டிப் பக்கம் சம்சாரத்தின் ஊருக்குக் குடிபோனார்கள். அங்கே ஒரு பலாப்பழ மண்டியில் காவல் வேலை என்று கேள்விப்பட்டேன். போகும்போது மாஸ்டர் எங்கள் கடை வாசலில் நின்று, "பாப்பாவக் காப்பாத்திட்ட மச்சான்" என்றார். அவர் என்னைத் திட்டியிருக்கலாம். திட்டாமல் போனதுதான் இத்தனை வருடமாக என்னைத் தொந்தரவு செய்கிறது.

இப்போது அதே ஊரில் எனக்குச் சொந்தமாக ஒரு சிறு கடை இருக்கிறது. எண்ணெய்களை விற்கிறேன். அவற்றின் நல்ல குணங்களை நான் மறுக்கவில்லை. ஆனால் இந்தக் காலத்தில் குணம் சொல்ல நான் தேவையே இல்லை. வருகிறவர்கள் கைபேசியில் வீடியோவைப் போட்டு என் முகத்துக்கு நேராக நீட்டுகிறார்கள். சர்க்கரைக்கு ஒரு விதை எண்ணெய், கொழுப்புக்கு ஒன்று, மூட்டுக்கு ஒன்று. அதில் பேசுகிறவர்கள் யாரும் நோயைப் பேசுவதில்லை. என் பழைய குரலையே கேட்பதுபோல இருக்கும். தோலுக்கு எண்ணெய் கேட்பவர்களிடம் மட்டும் நான் இடத்தைக் காட்டச் சொல்கிறேன், நூலால் தொட்டுப் பார்க்கிறேன். சிலர் கோபித்துக்கொண்டு போகிறார்கள். இரண்டு பேரை இதுவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கிறேன்.

போன பங்குனியில் ஒருவர் வந்து நீரடிமுத்து எண்ணெய் கேட்டார். முப்பத்தைந்து வயதிருக்கும். உச்சி வெயிலில் முழுக்கைச் சட்டை. யாருக்கு என்றேன். வீட்டில் ஒருத்தருக்கு என்றார். "அவுங்கள ஒரு வாட்டி கூட்டிட்டு வாங்க, பாத்துட்டுத் தரேன்" என்றேன். அவர் முகம் மூடிக்கொண்டது. இறங்கிப் போனார். சற்று நேரத்தில் தெருமுனையில் இருந்த இன்னொரு நாட்டு மருந்துக் கடையிலிருந்து காகிதம் சுற்றிய பாட்டிலோடு வெளியே வந்தார். நான் கடையைப் போட்டது போட்டபடி விட்டு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் பின்னால் ஓடினேன். பஸ் படியில் வைத்துப் பிடித்தேன். "சார், ஆஸ்பத்திரில மாத்திரை சும்மாவே தர்றாங்க. யாருக்கும் தெரிய வேண்டாம், நானே கூட வர்றேன்" என்றேன்.

"ஆளு தெரியாம பேசிக்கிட்டு இருக்காத" என்று கையை உதறினார். கண்டக்டர் விசில் கொடுத்தார். அது புவனகிரி வழியாகப் போகிற பஸ் என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும். அவர் எங்கே இறங்கினார், அவர் வீட்டில் எத்தனை பேர், அதில் எத்தனை குழந்தைகள் என்று தெரியாது.