இரும்பு ஆகாத அறை

இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. எங்கள் பல்கலைக்கழகத்துக்குப் பின்னால் பொட்டலில், பூமியின் காந்தத்தை அளக்கும் அறை ஒன்று இருந்தது. சூரியனில் புயல் அடித்தால் அங்கே கருவியின் முள் துள்ளி, தாளில் கோடு எகிறும். பக்கத்தில் இரும்பு வந்தாலும் எகிறும் என்பதால், சாவிக்கொத்தைக்கூட வெளியே வைத்துவிட்டுத்தான் நுழைவோம்.

தினமும் தாள் மாற்றியவர் முத்தையா அண்ணன். தினக்கூலி. ஒருநாள் மத்தியானம் கோடு தாறுமாறாக எகிறியிருந்தது. ஆராய்ச்சி மாணவனான நான், அவர்தான் சைக்கிளை அறையோரம் நிறுத்தியிருப்பார் என்று முடிவுகட்டினேன்.

"சைக்கிள வேப்பமரத்தடியிலயே விட்டுட்டுத்தான் சார் வந்தேன்" என்றார். நான் நம்பவில்லை. அறைக்குப் பொறுப்பான என் பேராசிரியரிடம் சொன்னேன். மறுநாள் அண்ணனுக்கு வேலை இல்லை.

இரண்டு மாதம் கழித்து, வேறொரு ஊர் ஆய்வகத்தின் பதிவு தபாலில் வந்தது. அதே நாள், அதே நிமிடம், அதே துள்ளல். சூரியப் புயல்.

கப்பலூரில் ஒரு பட்டறையில் அவரைக் கண்டுபிடித்தேன். இரும்புத்தூள் அப்பிய கையோடு வந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"ஐயாட்ட சொல்லிட்டீகளா சார்?"

சொல்லவில்லை. என் ஆய்வேட்டுக்குப் பேராசிரியரின் கையெழுத்து வேண்டியிருந்தது. "இன்னும் இல்லண்ணே" என்றேன்.

"சரி சார், முதலாளி பாக்குறாரு. வாரேன்" என்று அண்ணன் உள்ளே போய்விட்டார்.

அன்று எகிறிய அந்தக் கோட்டை, அண்ணன் பேச்சையே எடுக்காமல், சூரியப் புயலாகக் காட்டித்தான் பின்னால் முனைவர் பட்டம் வாங்கினேன். நன்றியுரையில் தட்டச்சு செய்தவர் பெயர்கூட இருக்கிறது. முத்தையா அண்ணன் பெயரை எழுதினால், அவர் ஏன் போனார் என்று யாராவது கேட்பார்களே என்று விட்டுவிட்டேன்.