ஒரு லட்சத்து எட்டை இருபத்தைந்தால் வகுத்தபோது

மும்பை செம்பூரில் எங்கள் கட்டிடத்துப் பெண்கள் சேர்ந்து ஸ்ரீராமஜெயம் எழுதுவதென்று போன ஆண்டு முடிவு செய்தார்கள். மொத்தம் ஒரு லட்சத்து எட்டு முறை. எழுதுபவர்கள் இருபத்தைந்து பேர். எல்லோரும் சமமாக எழுத வேண்டும் என்பது பொறுப்பேற்றிருந்த நான்காவது மாடி மாமியின் கட்டளை. பங்கு பிரிக்கும் கணக்கு என் மனைவி வழியாக என்னிடம் வந்தது.

ஆளுக்கு நாலாயிரம் போக எட்டு மிஞ்சியது. அந்த எட்டை யார் எழுதுவது என்பதில் இரண்டு நாள் போயிற்று. மாமியே எழுதலாமே என்றேன்.

"அப்பறம் மாமி மட்டும் எட்டு ஜாஸ்தி எழுதிண்டுட்டான்னு பேச்சு வரும்" என்றாள் மனைவி. "எத்தனை பேர்னா மிச்சமில்லாம வரும்? அதைச் சொல்லுங்கோ, போறும்."

எண்ணைப் பகா எண்களாகப் பிரித்து டயரியில் எழுதினேன்: மூன்று இரண்டுகள், மூன்று மூன்றுகள், ஒரு நானூற்று அறுபத்துமூன்று. ஐந்து கிடையாது, எனவே இருபத்தைந்து பேர் சரிப்படாது. இருபத்துநாலு சரிப்படும், ஆளுக்கு 4167. இதைச் சொல்லிவிட்டு ஆபீசுக்குப் போனேன்.

மாலையில் திரும்பியபோது இரண்டாவது மாடி வீட்டு மருமகள் எங்கள் வாசலில் நின்றாள். கல்யாணில் பிறந்து வளர்ந்தவள். தமிழ் பேசுவாள், எழுத வராது; ஸ்ரீராமஜெயத்தை இந்தி எழுத்தில்தான் எழுதுவாள். ஒருவரைக் குறைக்க வேண்டும் என்றதும் மாமி யோசிக்கவே இல்லையாம். அவள் இங்கே வந்து ஆறு மாதத்தில், கட்டிடத்துப் பெண்கள் அவளைச் சேர்த்துக்கொண்ட முதல் காரியம் அது.

"மாமா, உங்க கணக்குல என்னைக் கட் பண்ணிட்டேளாமே."

"நான் யார் பேரும் சொல்லலை. இருபத்துநாலுன்னுதான் சொன்னேன்."

"அச்சா. அதுக்கு மேல பாத்தேளா?"

பார்த்திருக்கவில்லை. இருபத்தைந்துக்குக் கீழே ஒன்று கிடைத்ததும் நிறுத்திவிட்டேன். மூன்று மூன்றுகளைப் பெருக்கினால் இருபத்தேழு. அந்த மூன்றுகள் என் டயரியில் என் கையெழுத்திலேயே இருந்தன, பெருக்கவில்லை.

"மொபைல்ல ஒவ்வொண்ணா போட்டுப் பாத்தேன்" என்றாள். "இருபத்தாறு ஆகலை. இருபத்தேழு பராபர் வரது. ஆளுக்கு மூவாயிரத்து எழுநூத்தி நாலு. இன்னும் ரெண்டு பேர் வேணும். என் ஹஸ்பெண்டை மாட்டி விட்டாச்சு."

"இன்னொருத்தர்?"

அவள் என்னைப் பார்த்தாள். உள்ளேயிருந்து என் மனைவி சிரிப்பது கேட்டது.

மூவரும் நான்காவது மாடிக்குப் போனோம். மாமி கேட்டுவிட்டு என்னைத்தான் பார்த்தார். "இருபத்தேழுன்னா நட்சத்திரக் கணக்கு. இதைக் காலம்பறயே சொல்லப்படாதா?" ஆண்கள் எழுதலாமா என்று கேட்டேன். "கை இருக்கோன்னோ?" என்றார்.

தினமும் ரயிலில் நாற்பது எழுதினேன். தொண்ணூற்றுமூன்றாம் நாள் இருபத்துநாலோடு முடிந்தது.

நோட்டுகளைச் சேர்த்த அன்று, மாமி மருமகளின் நோட்டை இரண்டு தடவை எண்ணி, பட்டியலில் அவள் பெயருக்கு நேரே 3704 என்று எழுதினார். அடுத்து அவளுடைய கணவனின் நோட்டு. அதுவும் இந்தி எழுத்து, அதே கையெழுத்து. முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை அதேதான். மாமி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, புடவைத் தலைப்பால் துடைத்து, திரும்பப் போட்டுக்கொண்டு பார்த்தார். அவர் ஒரு தடவை எண்ணினார். 3704 என்று எழுதிக்கொண்டு அடுத்த நோட்டைக் கேட்டார்.